பக்கத்துச் சுவரில் திறப்புகள்: இல்லை

ஜூன் 3

அக்காவுக்கு,

நீ கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டைப் பார்த்தேன். "போன் பண்ணாதே. போனில் பேசினால் நீதான் ஜெயிப்பாய். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுது." பதினேழு தடவை போன் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொட்டேஷன் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லாதவன். பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். அச்சகத்துக்குப் புரூஃப் பார்ப்பவளுக்கு எழுதுவதென்றால் எனக்குக் கை கூசுகிறது.

நீ மகள் வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. தெருவில் கேட்கிறார்கள். "ஊருக்குப் போயிருக்காங்க" என்கிறேன். "புது வீடு முடியற நேரத்துலயா?" என்கிறார்கள். சாமான் கடைக்கு நேரமாகிவிட்டதென்று நழுவுகிறேன். கடையில் எவ்வளவு பேசுகிறவன் நான்!

கோபம் எதற்கென்று தெரியும். உன் மாடி அறை ஜன்னலையும் மாடிப்படி ஜன்னலையும் என் சுவர் மறைத்துவிட்டது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். நம் தெரு வரிசை வீடு. ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கிறது. உன் வீட்டுக்கும் தையல்காரர் வீட்டுக்கும் நடுவில் இருந்த வீடு மழையில் விழுந்து, பத்தொன்பது வருடம் பல் போன வாய் மாதிரி கிடந்தது. குப்பை, புதர், பூனை. யாராவது ஒருத்தர் அங்கே கட்டத்தான் போகிறார்கள். எவனோ வந்து கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒன்றை நிறுத்துவதற்குப் பதில் நான் வாங்கினேன். எல்லைவரை கட்ட எனக்கு உரிமை இருக்கிறது. பழைய தெருக்களின் தோற்றத்தைப் பாதுகாக்கிற குழுவே அனுமதி கொடுத்திருக்கிறது. அவர்கள் கேட்டபடி உன் வீட்டு முகப்பில் இருக்கிற அதே வளைவு, அதே உயரத்தில் கூரையோரக் கார்னிஸ், அதே மரக்கதவு போட்டிருக்கிறேன். தெருவின் பல்வரிசை மறுபடி முழுசாகிவிட்டது.

போன வாரம் காமிராவோடு வந்த ஒருத்தர் என் வீட்டைக் காட்டி, "இது நூறு வருஷத்துக் கட்டடம்" என்று தன் மனைவிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஈரம்கூடக் காயவில்லை. உன் வீட்டைத் திரும்பிப் பார்த்து, "இது காப்பி அடிச்சது" என்றார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உன் மாடி அறைக்கு நல்ல எல்.இ.டி. விளக்கு நான்கு போட்டுத் தருகிறேன். பகல் மாதிரி இருக்கும். வந்துவிடு.

தம்பி


ஜூன் 11

தம்பி,

கொட்டேஷன் கிடைத்தது. நான்கு விளக்கு, பொருத்துக்கூலி உட்பட என்று மட்டும் போடவில்லை.

உனக்கு உரிமை இருப்பது எனக்குத் தெரியும். நான் அதைப் பேசவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேள்.

மாடி அறையில் என் மேசைக்கு எதிரே ஜன்னல். இப்போது அதைத் திறந்தால் உன் செங்கல். கம்பிக்கு வெளியே விரலை நீட்டினால் நகம் உரசுகிறது. முகப்புக்கு வளைவும் கார்னிஸும் வைத்தவன் இந்தப் பக்கம் பூசக்கூட இல்லை. பூச இடமேது? வரிக்கு வரி கலவை பிதுங்கி, வழிந்து, அப்படியே காய்ந்திருக்கிறது. தெருவுக்கு ஒரு முகம், எனக்கு ஒரு முதுகு. உன் மேஸ்திரி கடைசி வரிசையை வைத்த காலையில் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேசையிலிருந்த புரூஃப் தாளில் நிழல் ஏறியது. "அம்மா, லைட்டப் போட்டுக்குங்க" என்று அவர்தான் சொன்னார். பாவம், அவருக்காவது தோன்றியது.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு ட்யூப்லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பாடப்புத்தகம் திருத்தினேன். ஒரு அட்டவணையில் முழுதாக ஒரு வரி விட்டுப்போயிருந்தது. நான் கவனிக்கவில்லை. முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை. அச்சக முதலாளி திட்டவில்லை. "பரவால்ல, உங்களுக்கும் வயசாகுதுல்ல" என்றார். திட்டியிருக்கலாம்.

உன் அத்தான் போனபிறகு அந்த மேசையும் அந்த வெளிச்சமும்தான் என் நாளை நகர்த்தின. அது உனக்குத் தெரியும். தெரிந்தேதான் கட்டினாய்.

இங்கே ஒரு தரகர் பேசினார். என் வீட்டுக்கு ஆள் இருக்கிறதாம். ஆகஸ்ட் முடிவதற்குள் சொல்ல வேண்டும். விற்றுவிட்டு இங்கேயே ஒரு அறையில் இருந்துவிடலாம் என்று பாதி மனம் சொல்கிறது. மருமகன் என்னைக் கண்டதும் டிவி சத்தத்தைக் குறைக்கிறார். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒரே ஒரு கேள்வி. குழுவின் படிவம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் புரூஃப் பார்த்தவளே நான்தான். ஏழாம் எண்: "பக்கத்துச் சுவரில் திறப்புகள் உண்டா?" அங்கே நீ என்ன எழுதினாய்?

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். "இல்லை" என்று எழுதியிருக்கிறது.

உடனே கடிதத்தைக் கிழிக்காதே. அது வேண்டுமென்று நடந்ததில்லை. படிவத்தோடு பக்கத்துச் சுவர்களின் போட்டோவும் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரே போட்டோ. அத்தான் போன ஆறாவது மாதம், வீடு இருண்டு கிடக்கிறதே என்று உனக்கு வெள்ளையடித்துக் கொடுத்தேனே, அப்போது எடுத்தது. பெயிண்டர் சுண்ணாம்பு கண்ணாடியில் தெறிக்கக் கூடாதென்று இரண்டு ஜன்னலுக்கும் வெளியே பலகை அடித்திருந்தான். சோம்பேறி, பலகை மேலேயே மட்டையை இழுத்துக்கொண்டு போய்விட்டான். போட்டோவில் சுவர் முழுக்க ஒரே வெள்ளையாக இருக்கிறது. படிவம் எழுதிய ஆள் போட்டோவைப் பார்த்து "இல்லை" என்று போட்டுவிட்டான். நான் கடை அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆர்க்கிடெக்ட் பெண் ஒரு தடவை கேட்கத்தான் செய்தாள். "சார், பக்கத்து வீட்டுல ஜன்னல் இருக்கே, ஃபைல்ல காணோமே?" என்றாள். "நம்ம அக்கா வீடுதாம்மா, நான் பேசிக்கறேன்" என்றேன். பேசாமல் விட்டது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் முகப்பு விஷயத்தில் தினம் சண்டை. புது வீடு புது வீடாகவே இருக்கட்டும், உயரமும் வரிசையும் ஒத்துப்போனால் போதும் என்பாள். "பழசு மாதிரி வேஷம் போட்டா, நிஜமான பழசுக்குத்தான் சார் அவமானம்." குழுவுக்கு வளைவு வேண்டும். எனக்கு அனுமதி வேண்டும். அவள் தோற்றாள். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

தரகரிடம் அவசரப்பட்டு எதுவும் சொல்லாதே. வெளியாள் வாங்கினால் அந்த அறையைச் சரக்கு போட்டு வைக்கும் அறையாக்கிவிடுவான்.

தம்பி


ஜூன் 27

தம்பி,

வெள்ளையடித்தது திங்களும் செவ்வாயும். புதன்கிழமை காலை பெயிண்டர் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அவருக்கு டீ கொடுத்து அனுப்பினேன்.

அன்று நான் உனக்குப் போன் செய்து, "பலகையைக் கழற்றாமல் போயிட்டாரேடா, இருட்டா இருக்கு" என்றேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "ரெண்டு நாள் காயட்டும்க்கா."

சுண்ணாம்பு அரை நாளில் காய்ந்துவிடும். கட்டடச் சாமான் விற்கிற உனக்கு அது தெரியாதா? எனக்கே தெரியும். தெரிந்தும் நான் கேட்கவில்லை. தம்பி சொல்கிறானே என்று புதனும் வியாழனும் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை நீயே வந்து ஆணி பிடுங்கினாய். நான் வாசலில் நின்று அழுதேன், நினைவிருக்கிறதா? வீடு பளிச்சென்று இருப்பதைப் பார்த்து, "நீ ஒருத்தன் இருக்கியே, அது போதும்டா" என்றேன்.

அந்த வாக்கியத்தை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. மற்றதை நான் கேட்கவில்லை.

படிவத்தை எழுதிய ஆள் யார்? பெயர் வேண்டாம். உயரம் சொல். உன் உயரம்தானே?

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

என் உயரம்தான்.

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் காரணம் இருந்தது. இதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க அந்தக் காலி மனைக்குள் போய் நின்றேன். மனைக்கு முந்தின வாரம்தான் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். உன் சுவர் ஒரு ஓட்டை இல்லாமல் வெள்ளையாக நின்றது. எனக்குள் இருக்கிற வியாபாரி உடனே விழித்துக்கொண்டான். நல்ல சரக்கைக் கண்டதும் கை தானாக நீளுமே, அப்படி. போனை எடுத்தேன். வெளிச்சம் போதவில்லை, படம் சரியாக விழவில்லை. காலை வெயிலில்தான் அந்தச் சுவர் தெளிவாகத் தெரியும். புதன்கிழமை மழை மேகம். வியாழக்கிழமை எடுத்தேன். அதற்காகத்தான் பலகை இரண்டு நாள் இருந்தது. நீ விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுதான் கஷ்டமானது. வெள்ளையடித்துக் கொடுத்தது உன் மேல் இருந்த பாசத்தால் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். திங்கள்கிழமை வரை பாசம், செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து வியாபாரம் என்று பிரித்து வைத்திருந்தேன். இப்போது யோசித்தால் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. பெயிண்டரிடம், "அந்தப் பக்கச் சுவர மொதல்ல முடி" என்று ஏன் சொன்னேன்? தெருப் பக்கம்தானே முதலில் அடிப்பார்கள்?

போன வெள்ளிக்கிழமை குழுவிலிருந்து ஆள் வந்தார். "தெருவோடு இயைந்த புதிய முகப்பு" என்று எனக்குப் பாராட்டுப் பத்திரம் தரப்போகிறார்களாம். மேடை, போட்டோ எல்லாம் உண்டாம். கடையில் வேலை செய்கிறவர்கள் கைதட்டினார்கள். நான் கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்து போய்விட்டேன். சனிக்கிழமை நேராகக் குழு ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், அக்கா. ஏழாம் எண்ணில் பொய் எழுதினேன், அது பலகை அடித்த சுவரின் போட்டோ, அங்கே இரண்டு ஜன்னல் இருக்கிறது, என் அக்காவுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்தபோது, பல வருடமாகக் கடையில் விலைபோகாமல் கிடந்த சரக்கை ஒரேயடியாக ஏற்றி அனுப்பியது மாதிரி லேசாக இருந்தது.

என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. சுவரை இடிக்கச் சொன்னால் இடிக்கிறேன். இந்த ஒரு காரியத்தையாவது உனக்காகச் சரியாகச் செய்துவிட்டேன்.

தம்பி


ஜூலை 15

தம்பி,

குழுவின் நோட்டீஸ் நேற்று எனக்கு இங்கே வந்து சேர்ந்தது. எனக்குத்தான் வந்திருக்கிறது, உனக்கு இல்லை. உன் கடிதம் கிடைத்த மூன்றாம் நாள்.

மூல வரைபடத்தில் என் வீட்டுப் பக்கச் சுவரில் ஜன்னல் கிடையாதாம். அனுமதியில்லாமல் திறந்திருக்கிறேனாம். அறுபது நாளில் இரண்டையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போட்டோ அனுப்ப வேண்டுமாம். உன் வாக்குமூலத்தின் அடிப்படையில் என்று முதல் வரியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பிழை இல்லாத நோட்டீஸ்.

நீ குழுவிடம் போகுமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? வெள்ளையடித்தபோது கேட்கவில்லை. பலகையை விட்டு வைத்தபோது கேட்கவில்லை. சுவர் எழுப்பும்போது கேட்கவில்லை. சரி, உண்மை சொல்லப் போகும்போதாவது கேட்டிருக்கலாமே? உன் மனது லேசாக வேண்டும் என்று என் வீட்டுக் கதவைத் திறந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. குழுவிடம் நானே ஏன் புகார் கொடுக்கவில்லை என்று உனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா?

நடு வீடு விழுந்தபோது நீ வெளியூரில் கடை வைத்திருந்தாய். வீடு விழுந்த மறுமாதம் உன் அத்தான் ஆள் வைத்துச் சுவரை உடைத்து அந்த ஜன்னல்களை வைத்தார். யாரிடமும் கேட்கவில்லை. நடு வீட்டுக்காரர் அதற்குப் பிறகு ஒரு நாள் வந்தார். தனியாள், வயதானவர். இடிபாட்டில் ஏதாவது தேறுமா என்று பார்க்க வந்திருந்தார். அண்ணாந்து பார்த்து, "இங்க ஜன்னல் இருந்ததில்லையே?" என்றார். உன் அத்தான் கொஞ்சமும் தயங்காமல், "பழைய ஜன்னல்தாங்க. உங்க வீடு மறைச்சிருந்துச்சு" என்றார். அவர் உன் அத்தானை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"முப்பது வருஷம் அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்து சாப்பிட்டிருக்கேன்மா" என்றார். போய்விட்டார். அந்த வெளிச்சத்தில்தான் பத்தொன்பது வருடம் மற்றவர்களின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஆகவே உன்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்க எனக்கு முழு யோக்கியதை இல்லை. ஆனால் நான் ஏமாற்றியது முன்பின் பழகாத ஒருவரை. நீ என்னை ஏமாற்றினாய். எது பெரிது என்று தெரியவில்லை. அவருக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. எழுதலாம் என்று நினைத்தபோது அவர் இல்லை.

தரகருக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். ஜன்னல் அடைத்த வீட்டுக்கு விலை குறையும் என்கிறார். குறையட்டும்.

அக்கா


ஜூலை 24

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். வாடிக்கையாளர் ஒருத்தர் கீல் விலை கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. கடைசியில், "உடம்பு சரியில்லயா முதலாளி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கேட்காமல் போனது தப்பு. உனக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பும்போதெல்லாம் நான் என் சுமையைத்தான் இறக்கி வைத்திருக்கிறேன், அதுவும் உன் தலையில். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் மறுபடி பேச்சு வியாபாரமாகிவிடும். நிறுத்திக்கொள்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நோட்டீஸ் விஷயம் தெரிந்ததும் குழுவிடம் மறுபடி போனேன். மூத்த உறுப்பினர் ஒருத்தர் பொறுமையாகவே பேசினார். "இந்த வரிசை வீடுகளோட பாணியில பக்க ஜன்னலே கிடையாதுங்க. முன்னால வெளிச்சம், பின்னால வெளிச்சம். அவ்வளவுதான்." நான், "என் முகப்புல இருக்கற வளைவு பைபர்ல வார்த்தது சார். தட்டினா டொக்குன்னு சத்தம் வரும். அது பாணியா?" என்றேன். "தெருவுலேருந்து பாத்தா தெரியாதில்ல?" என்றார். பாராட்டுப் பத்திரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு அதுதான் வருத்தம்.

வெளியே ஆர்க்கிடெக்ட் பெண் காத்திருந்தாள். அக்காவின் ஜன்னலுக்கு என்ன வழி என்று, முதல் நாளே நான் கேட்க வேண்டியதை அவளிடம் இப்போது கேட்டேன். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. காகிதத்தில் ஒரு கட்டம் போட்டாள். "ரெண்டு வீட்டுக்காரங்களும் சேந்து எழுதிக் குடுத்தா, நடுவுல ஒரு திறந்த முற்றம்னு பதிவு பண்ணலாம் சார். முற்றத்தப் பாத்து ஜன்னல் இருக்கலாம்னு விதியிலயே இருக்கு. தெருவுலேருந்து தெரியாது. குழுவுக்கு ஆட்சேபணை இருக்காது." "அப்ப இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "ஃபைல்ல ஜன்னலே இல்லையே சார்" என்றாள்.

அவள் போட்ட கட்டம் இதுதான். உன் இரண்டு ஜன்னலுக்கும் எதிரே எட்டடிக்கு ஆறடி. முதல் தளத்திலிருந்து வானம் வரை திறந்திருக்கும். கீழே என் ஷோரூம் அப்படியே இருக்கும். மேலே இரண்டு தளத்திலும் ஒவ்வொரு அறை போகும். வாடகைக்கு வருவதாக இருந்த இரண்டு குடும்பமும் வராது. இதை உனக்குக் கணக்குக் காட்டச் சொல்லவில்லை. தெரியாமல் நடந்தது என்று நாளை எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். வக்கீல் எழுதியது. உன் கையெழுத்து வேண்டும். போடு என்று சொல்ல மாட்டேன். ஒரு செங்கல்லையும் இன்னும் தொடவில்லை, நீ சொல்லாமல் தொடவும் மாட்டேன். மேஸ்திரி, "இடிக்கறதா வேணாமா, ஒண்ணு சொல்லுங்க முதலாளி" என்கிறார். "அக்கா சொல்லணும்" என்கிறேன். ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். நான் யார் சொல்லுக்கும் காத்திருந்து அவர் பார்த்ததில்லை.

வீட்டை விற்பதென்றாலும் விற்றுக்கொள். வாங்குகிறவருக்கும் இந்த முற்றம் உண்டு. ஒப்பந்தத்தில் அதுவும் எழுதியிருக்கிறது.

ஒரு வாக்கியத்தைத் திருப்பிக் கேட்டாய். எப்படிக் கொடுப்பதென்று தெரியவில்லை. எடுத்துக்கொள். அதை வைத்திருக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பி,

ஒப்பந்தத்தை மூன்று தடவை படித்தேன். திருத்தங்களோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். வக்கீலிடம் கொடுத்துச் சுத்தப் பிரதி எடுக்கச் சொல்.

இரண்டாம் பக்கத்தில் "தமக்கையின் மீது கொண்ட அன்பினால் இளையவர் மனமுவந்து விட்டுக்கொடுக்கும் இடம்" என்று இருந்ததை அடித்துவிட்டேன். அன்பினால் நீ கொடுத்தது ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இன்னொன்று தாங்காது. "முதல் தரப்பினர் உண்மைக்கு மாறான தகவல் கொடுத்து மறைத்த வெளிச்சத்துக்கு ஈடாக" என்று எழுதியிருக்கிறேன். உனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும்.

அதற்குக் கீழே என் பங்குக்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். "இரண்டாம் தரப்பினரின் ஜன்னல்கள் அப்போதைய மனை உரிமையாளரின் சம்மதமின்றித் திறக்கப்பட்டவை." வக்கீல் இது தேவையில்லை, நம்மையே நாம் காட்டிக்கொடுப்பதாகும் என்பார். விடாதே. அந்தப் பெரியவரிடம் நான் ஆட்டிய தலைக்கு வேறெங்கும் எழுத இடமில்லை. பதிவேட்டிலாவது இருக்கட்டும்.

தரகரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "நல்ல ஆஃபர்ம்மா, தம்பி ஏதாவது சொல்லித் தடுக்கறாரா?" என்றார். "அவன் இப்பத்தான் ஒண்ணும் சொல்லாம இருக்கான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். படித்தபோது பொய்யாகப் பட்டது. எடுத்துவிட்டேன். வரும்போது வரும். வராமலும் போகலாம். ஆனால் வெளிச்சம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் தேதி வருகிறேன். பத்தாம் தேதி பதிவு. பதினொன்றாம் தேதி காலை மேஸ்திரியை இடிக்கச் சொல். தூசு வரும், ஊருக்கு வராதே என்றெல்லாம் சொல்லாதே. மேசையை உள்ளே தள்ளிவிட்டு நான் அந்த அறையிலேயே இருப்பேன். நீ உன் பக்கம் நில். ஆளை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடாதே. முதல் செங்கல்லை நீதான் எடுக்க வேண்டும். அது போனதும் அந்த ஓட்டையில் எனக்கு முதலில் தெரிவது உன் முகமாக இருக்கட்டும். அப்போது என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. நீயும் எதையும் தயார் செய்து வைத்துக்கொள்ளாதே.

அக்கா